மலைக்கு முன்னால் ஒரு மண் திடல்: காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஷிப்ட் பார்த்து, மிச்சம் பிடித்த பணத்தில் பைக்குக்குத் தவணை கட்டும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் ஒருவனாக இந்தக் கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். இந்த மாவட்டத்தில் வேலை முடிந்து, தண்ணீரும் இல்லாமல் காய்ந்து கிடக்கும் கல்குவாரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்பாதையில் இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பொதுத் திடலாக மாற்றித் தாருங்கள். அங்கே பயிற்சியாளர் இருக்க வேண்டும், முதலுதவி இருக்க வேண்டும், மாதச் சம்பளக்காரரால் கட்ட முடிகிற கட்டணம் இருக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கை வேறெந்த மாவட்டத்தையும்விட இங்கேதான் பொருந்தும். மலைக்கென்றே செய்த வண்டி இங்கிருந்துதான் போகிறது. ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்தில் ஆலை திறந்தது, 2017-இல் வல்லம் வடகாலில் இன்னொன்று. 2016-இல் சந்தைக்கு வந்த ஹிமாலயன் இந்த வட்டாரத்து வண்டி. 21 அங்குல முன்சக்கரமும் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரமுமாக, பாறையையும் பள்ளத்தையும் கடப்பதற்காகவே வடிவமைத்தது. யமஹா 2015-இல் வல்லம் வடகாலுக்கு வந்தது. டயருக்கு ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் சியட். வாகனங்களைச் சோதிப்பதற்கென்று மத்திய அரசு அமைத்த ஆராய்ச்சி மையமும் அதன் ஓட்டத் தடங்களும் ஒரகடத்திலேயே இருக்கின்றன. பந்தயம் என்றால் இருங்காட்டுக்கோட்டை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி வளர்ந்து, 1990-இல் இங்கே சொந்தத் தடம் அமைத்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் ஓடி நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பலர்.

வண்டி இருக்கிறது, டயர் இருக்கிறது, சோதனைத் தடம் இருக்கிறது, பந்தயத் தடமும் இருக்கிறது. ஆனால் வண்டியை வாங்குகிற சாதாரண ஆள் மண்ணிலும் சரளையிலும் ஓட்டப் பழகுவதற்கு அரசு அமைத்த ஓரடி நிலம்கூட இல்லை. லைசென்ஸ் எடுக்கும்போது நாம் எல்லோரும் எட்டு போட்டுக் காட்டினோம். சமதளத்தில், மெதுவாக, கால் ஊன்றாமல். அத்தோடு தேர்வு முடிந்தது. சரளையில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும், இறக்கத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடையை மலையில் போய், உடம்பால் தெரிந்துகொள்கிறோம்.

நானும் என் நண்பனும் ஜவ்வாது மலைக்குப் போன கதையைச் சொன்னால் இது உங்களுக்கு விளங்கும். காப்புக்காட்டுக்குள் நாங்கள் கால் வைக்கவில்லை. வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து மலைக் கிராமங்களை இணைக்கும் மண்பாதையில் இறங்கினோம். ஊர்க்காரர்களின் மொபெட்டும் மினி லாரியும் போய்வரும் பாதை அது. முந்தின நாள் மழை பெய்திருந்தது.

முதல் சம்பவம் வண்டி நிற்கும்போதே நடந்தது. தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். சைடு ஸ்டாண்டு ஈரமண்ணில் மெல்ல இறங்கி, நண்பனின் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கிளட்ச் லீவர் பாதியில் உடைந்தது. மிச்சமிருந்த இரண்டு விரல் நீளத்தை வைத்துக்கொண்டு கிளம்பினான். அடுத்ததாக என் பின் டயரில் முள். ட்யூப் உள்ள டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். சின்னச் சாவிகளை வைத்துக்கொண்டு அந்த அச்சின் நட்டோடு மல்லுக்கட்டிய நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒட்டுப் போட்ட ட்யூபைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்றுகூட இல்லை. ஒருவழியாகக் காற்றடித்துக் கிளம்பினோம்.

மூன்றாவதுதான் பெரிது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே இறங்கும் ஒரு வளைவு. மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய், கோலிக்குண்டு அளவுக் கற்கள் மட்டும் பாதையில் உருண்டு கிடந்தன. முன்னால் போன நண்பன் வேகம் குறைக்க முன் பிரேக்கைப் பிடித்தான். தார் ரோட்டில் சரியான செயல் அது. இங்கே முன்சக்கரம் கற்களின் மேல் வழுக்கி வெளியே ஓடியது. வண்டி விழுந்தது, அதன் அடியில் அவன் வலது கால். சைலன்சர் கெண்டைக்காலில் படிந்து பேண்ட்டைத் தாண்டிச் சுட்டது. "மாப்ள, காலை எடுக்க முடியல, மாப்ள" என்ற அவன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டியைச் சரிவில் தூக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். வண்டி எழும்பவில்லை, இறக்கத்தில் நழுவி அவன் காலை இன்னும் நசுக்கியது.

கொல்லையில் வேலையாயிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பெரியவர் ஒருவர், "தம்பி, நீங்க தள்ளி நில்லுங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு மேட்டுப் பக்கத்தில் இரண்டு பேரையும் பள்ளத்துப் பக்கத்தில் இரண்டு பேரையும் நிறுத்தினார். ஒரே மூச்சில் வண்டி நிமிர்ந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. அவர்களே ஒரு போர்வையைக் கழியில் கட்டி டோலி செய்து, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, தார் ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். 108 ஆம்புலன்ஸால் அதுவரைதான் வர முடிந்தது. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. நண்பன் காண்ட்ராக்ட் தொழிலாளி. இ.எஸ்.ஐ. மூலம் சம்பளத்தில் ஒரு பங்கு வந்தது. ஓ.டி. போனது. காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் சமயத்தில் பெயர் விட்டுப்போகுமோ என்ற பயம் கால் வலியைவிட அதிகமாக அவனை வாட்டியது.

ஐயா, அந்த டோலி எங்களுக்காகக் கண்டுபிடித்ததல்ல. பிரசவ வலி எடுத்த பெண்களையும் பாம்பு கடித்த பிள்ளைகளையும் மலைமக்கள் காலங்காலமாகச் சுமந்து இறக்கும் டோலி அது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு பெண் குழந்தை இறந்ததையும், ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறியதையும் தமிழ்நாடே பார்த்தது. அப்படிப்பட்ட ஊர்களின் தோளில், விளையாட்டாக வண்டி ஓட்டிவிட்டுக் காலை உடைத்துக்கொண்ட நகரத்து இளைஞர்களின் பாரமும் ஏறுவது நியாயமே இல்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் விழ வேண்டியதையெல்லாம் நாங்கள் எங்கள் ஊரிலேயே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே விழுந்து முடிக்க வேண்டும்.

நாங்கள் பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம் இருக்கிறது, அதை ஒரே நாளில் சொல்லித்தரவும் முடியும். நண்பன் குணமான பிறகு நாங்கள் ஒரு தனியார் முகாமில் பணம் கட்டிப் படித்தோம். இறக்கத்தில் கிளட்ச்சை விட்டுவிட்டு முதல் கியரிலேயே இன்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்த விடுவது. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முட்டியை மடக்கி, வண்டியை அதன் போக்கில் ஆட விடுவது. பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைப்பது. மண்ணில் பின் பிரேக்கை நம்புவது, முன் பிரேக்கை ஒரு விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்க ஒரு சுவிட்ச் உண்டு, அதை எப்போது தொட வேண்டும், எப்போது தொடக்கூடாது என்பது. ஈரமண்ணில் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லை வைப்பது.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் முறை இருக்கிறது. இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வண்டி நகராதபடி செய்ய வேண்டும். ஹேண்டில்பாரை முழுவதும் ஒடித்து, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை பின்பக்கக் கம்பியிலும் வைத்து, இடுப்பை வளைக்காமல் காலால் உந்தியபடி பின்னோக்கிச் சின்ன அடிகளாக நடக்க வேண்டும். ஒல்லியான ஒரு பெண் அந்த முகாமில் இந்த முறையில் வண்டியைத் தனியாக நிமிர்த்தினார். மலையில் நான் இழுத்த இழுப்பெல்லாம் என் கண்முன் வந்து போயிற்று. அந்த ஒருநாள் முகாமுக்குக் கட்டிய பணம் எங்கள் வட்டாரத்துப் பயிற்சித் தொழிலாளி ஒருவனின் மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு வரும். மற்றவர்களும் படிக்க வேண்டுமென்றால் அரசுதான் வர வேண்டும்.

மண்ணில் ஓட்டுவதைப் பொறுப்பில்லாதவர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகத்திலேயே கடினமான டக்கார் பந்தயத்தில் 2015-இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாகக் கலந்துகொண்டு முடித்தவர் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ். அவர் கோலார் பக்கம் ஒரு மண் திடல் அமைத்து மற்றவர்களுக்கும் கற்றுத்தந்தார். 2021-இல் சவுதி அரேபியாவில் நடந்த டக்காரில் அவர் கடுமையாக விழுந்தார். விமான மார்க்கமாக ரியாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அவ்வளவு திறமைசாலிக்கே மீட்புக் குழு தேவைப்பட்டது. 2019-இல் பெண்களுக்கான எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேயும், 2024 டக்காரில் ராலி-2 பிரிவை வென்ற கேரளத்தின் ஹரித் நோவாவும் நம் ஓசூர் டிவிஎஸ் ஆதரவில் ஓடியவர்கள். ஆதரவு தமிழ்நாட்டிலிருந்து போகிறது. நம் பிள்ளைகள் பழகத்தான் இடம் இல்லை.

ஆபத்தான ஒரு ஆசையை ஒழுங்குக்குள் கொண்டுவந்த அனுபவம் இந்த அரசுக்கு இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அதற்கடுத்து 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, இணையவழிப் பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுமாகத் திட்டத்தைத் தொடங்கியது. மலைவாழ் இளைஞர்களுக்கு அதில் வேலையும் கிடைக்கிறது. மோட்டார் விளையாட்டுக்கு அரசு முகம் கொடுத்ததும் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் துணையோடு இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. அந்த அக்கறையில் ஒரு பங்கு பைக் ஓட்டும் தொழிலாளிக்கும் வந்துசேரட்டும்.

மலைக்கே போகாதவருக்கும் இந்தத் திடல் உயிர் காக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் சாலையிலும் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைப் பாருங்கள். பக்கத்தில் கண்டெய்னர் லாரி, ஓரத்தில் ஜல்லி லாரிகள் சிந்திவிட்டுப் போன எம்-சாண்டும் பொடிக்கல்லும். லாரிக்கு ஒதுங்கும் ஸ்கூட்டி அந்தச் சரளையில் ஏறிய நொடியில், ஜவ்வாது மலை வளைவில் என் நண்பனுக்கு நடந்ததே நடக்கிறது. அங்கே அவன் மண்ணில் விழுந்தான், இங்கே விழுகிறவர் லாரிச் சக்கரத்தின் பக்கம் விழுகிறார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அடிபட்டவரைக் காக்க 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. மனதார வரவேற்கிறோம். அடிபடாமல் இருக்கக் கற்றுத்தரவும் ஒரு திட்டம் வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இனி, எப்படிச் செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

நிலம்: சென்னையின் கட்டடங்களுக்கு ஜல்லி கொடுத்துக் கொடுத்தே இந்தப் பகுதியில் குவாரிக் குழிகள் பெருகின. தண்ணீர் நிற்கும் குழிகளைத் தொட வேண்டாம், 2019 வறட்சியில் சென்னையின் தாகம் தீர்த்ததில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஏரி, ஏரி உள்வாய், வரத்துக்கால்வாய், மேய்ச்சல் புறம்போக்கு, காப்புக்காடு ஆகிய எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஆழம் குறைந்த, காய்ந்த, அரசுப் புறம்போக்குக் குவாரி ஒன்று போதும். ஏற்றமும் இறக்கமும் சரளையும் கழிவுமண் மேடும் அங்கே இயல்பாகவே இருக்கின்றன. செங்குத்தான விளிம்புகளைச் சுற்றி வேலி போட்டு, கனிமவளத் துறை பொறியாளர் ஒருவர் பாறையின் உறுதியைப் பார்த்துச் சான்று தந்த பிறகே திறக்க வேண்டும்.

பணம்: குவாரிகளின் பாதிப்பைச் சந்தித்த ஊர்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது, அதன் தலைமை உங்களிடம் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சாலைப் பாதுகாப்புப் பயிற்சியும் அதில் சேரும் என்று மத்திய அரசு 2014-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. வாகனமும் டயரும் செய்கிற இத்தனை நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தில் இருக்கும்போது, நீங்கள் ஒருமுறை அழைத்துப் பேசினாலே பாதி வேலை முடியும்.

நடைமுறை: ஹெல்மெட், முட்டிக் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடக்கூடாது. கவசம் வாங்க முடியாதவருக்குத் திடலிலேயே வாடகைக்குத் தர வேண்டும். லைசென்ஸ் இல்லாத சிறுவர்களுக்கு அனுமதி கூடாது. முதலில் ஒருநாள் அடிப்படைப் பயிற்சி, அதை முடித்தவருக்கே தனியாக ஓட்ட அனுமதி. முதலுதவி தெரிந்த ஒருவர் திடல் திறந்திருக்கும் நேரம் முழுவதும் இருக்க வேண்டும். ஷிப்ட் ஆட்களுக்கு ஏற்றபடி காலை, மாலை இரண்டு வேளையும் நேரம் ஒதுக்க வேண்டும். வாரத்தில் ஒரு வேளை பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால், ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சரளையில் பிரேக் பிடிக்கப் பழகிக்கொள்வார்கள். பயிற்சி உதவியாளர், மெக்கானிக், காவலாளி வேலைகளைக் குவாரித் தூசியோடு வாழ்ந்த அதே ஊர் இளைஞர்களுக்கே கொடுக்க வேண்டும்.

சத்தமும் தூசியும் பற்றி ஊர்மக்கள் கேட்பார்கள், கேட்பது அவர்கள் உரிமை. கிராம சபையில் வைத்துப் பேசி, இரவில் ஓட்டம் இல்லை, சைலன்சரை மாற்றிய வண்டிக்கு அனுமதி இல்லை, நாள்தோறும் டேங்கர் தண்ணீர் தெளிப்பு என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். ஊர் சம்மதிக்காத இடத்தில் திடல் வேண்டாம்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று அதிகாரிகள் தயங்கக்கூடும். இன்றைக்கும் விபத்து நடந்துகொண்டுதான் இருக்கிறது, பொறுப்பேற்க ஆள் இல்லாத இடங்களில் நடக்கிறது. யாரோ ஒரு கொல்லைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து அந்தப் பொறுப்பை ஏற்கிறார். காப்பீடும் பயிற்சியாளரும் முதலுதவியும் உள்ள இடத்தில் அரசு அந்தப் பொறுப்பைக் கையில் எடுப்பதுதான் முறை.

என் நண்பன் இப்போது நன்றாக நடக்கிறான், வண்டியும் ஓட்டுகிறான். எங்கள் ரூமில் புதிதாக வந்திருக்கும் பையன்கள் அடுத்த மழைக்குள் மலைக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள். போகாதே என்று சொன்னால் கேட்கிற வயதல்ல. முதலில் இங்கே பழகிவிட்டுப் போ என்று சொல்ல எங்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில், அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறை, கனிமவளத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆகியோரைக் கொண்டு பொருத்தமான குவாரிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். பட்டியல் தயாரானால் நேரில் வந்து மண்ணைப் பார்த்துச் சொல்லவும், விடுமுறை நாட்களில் கல் பொறுக்கி வேலி கட்டவும் எங்களைப் போன்ற தொழிலாளர்கள் தயாராக இருக்கிறோம். கூலி கேட்க மாட்டோம்.

மிகுந்த மரியாதையுடன்,

ஒரகடம் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவன்